நாற்பத்திரண்டாவது சீட்டு

பயம் என் கூடவே பிறந்தது. பல்லியைக் கண்டால் பயம். பியூன் வந்து, "ஹெச்.எம். கூப்பிடுறாரு" என்றால் பயம். தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொன்னால், யார் செத்தார்களோ என்று பயம். எங்கள் வீட்டில் என்னை முகத்துக்கு நேராகவே பயந்தாங்கொள்ளி என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவள் தலையில்தான் காரைக்கால் பகுதிப் பள்ளிகளின் மாணவர் பேரவைத் தேர்தலைக் கட்டினார்கள்.

சுனாமியில் கடல் உள்ளே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் நான் ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் வீடு. நிரந்தர ஆசிரியர்கள் தொடாத வேலையெல்லாம் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேரும். "நீங்க பொறுமையானவங்க டீச்சர், நீங்க செஞ்சா சரியா இருக்கும்" என்றார் தலைமையாசிரியர். பொறுமை என்று அவர் சொன்னது என் பயத்தைத்தான்.

வேலை பெரிதில்லை. பகுதிப் பள்ளிகளிலிருந்து நாற்பத்திரண்டு பிரதிநிதிகள் வருவார்கள். தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவராக வருகிற பிள்ளை மாதம் ஒருமுறை கல்வி அலுவலகத்துக்குப் போய், அதிகாரிகளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிகளின் குறைகளைச் சொல்லலாம். அந்த நாற்காலிக்குத்தான் போட்டி. விதிகளை நானே ஒரு பக்கத்தில் எழுதினேன். இரண்டு பெயர் அச்சடித்த சீட்டு, ஒரு பெயருக்கு நேரே டிக், மடித்துப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். எண்ணி முடித்தபின் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கேட்டால் சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கலாம். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது பிசிக்ஸ் சார். அவர் பக்கத்துப் பள்ளியிலிருந்து எனக்குத் துணையாக வந்தவர். "யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாதுல்ல" என்றார். எனக்கும் அது பாதுகாப்பாகத்தான் பட்டது.

நின்றது இரண்டு பேர். ஒருவன் எங்கள் பள்ளிப் பையன். பக்கத்து மீனவ ஊரின் பஞ்சாயத்துத் தலைவர் மகன், கெட்டிக்காரன், நல்ல குரல். இன்னொருத்தி நெரவியிலிருந்து வந்த பெண். நடவுக்குப் போகிற குடும்பம். பையன் மேடையேறி, எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துக் கிரிக்கெட் போட்டி நடத்துவேன் என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெரவிப் பெண் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் வந்து நின்றாள். "எங்க பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு கெடையாது. ஒருத்தி உள்ள போனா ரெண்டு பேரு தாவணியப் புடிச்சிக்கிட்டு வெளிய நிக்கிறோம். நான் கேக்கப்போறது அது ஒண்ணுதான்" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளியிலிருந்து ஏழு பிரதிநிதிகள். ஏழு பேரும் அந்த ஒரே மீனவ ஊர்ப் பிள்ளைகள். அவர்களில் ஒரே ஒருத்திதான் பெண், பதினொன்றாம் வகுப்பில் என் மாணவி. அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா எங்கள் தெருவில் மீன் விற்பவர். இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். கட்டிக்கொண்டிருந்த புது வீடுகளில் யாருக்கு எது என்ற பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்தார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். மீன் வாங்கும்போதெல்லாம் அந்த அம்மா வீட்டைப் பற்றித்தான் பேசுவார்.

வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. நாற்பத்திரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டு, சீட்டு வாங்கி, டின்னில் போட்டார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். பிறகு எண்ண ஆரம்பித்தோம். நான் சீட்டைப் பிரித்துப் பெயரைப் படிப்பேன், பிசிக்ஸ் சார் கரும்பலகையில் கோடு போடுவார். இரண்டு ஏஜெண்டுகளும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் வராந்தாவில் ஜன்னலோடு ஜன்னலாக நின்றார்கள்.

ஐந்தாவதோ ஆறாவதோ சீட்டு. பையனுக்கு டிக். அதற்குக் கீழே பேனாவால் தெளிவாக ஒரு முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர்.

"சார், இதுல போட்டவங்க பேர எழுதியிருக்காங்க."

"எழுதக் கூடாதுன்னு விதியில போட்டீங்களா?"

"இல்ல சார். யாரு எழுதப்போறாங்கன்னு…"

"அப்ப செல்லும். அடுத்தத படிங்க."

பையனின் ஏஜெண்ட் எழுந்து நின்றான். அவனும் அந்த ஊர்தான், அந்த ஏழு பேரில் ஒருவன். "நாங்கதான் டீச்சர் எழுதுனோம். பேரில்லாம போட்டா அது மொட்டக் கடுதாசில்ல? எங்க ஊர்ல மொட்டக் கடுதாசி போடுறவன மனுசனாவே மதிக்க மாட்டாங்க. ஏழு பேரும் எழுதிருக்கோம், வரும் பாருங்க. எங்க ஆளுக்குப் போடணும்னுதான் ஊரு முடிவு" என்றான்.

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ரகசிய வாக்கு என்று நான் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியதை இந்தப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஆனாலும் ஏழும் ஒரே பக்கம் என்றால் வம்பில்லை, ஆண்டவரே, ஏழும் ஒரே பக்கமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். இரண்டாவது பெயர் வந்தது, பையனுக்கு. மூன்றாவது, நான்காவது, பையனுக்கு. டின்னில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அடுத்த சீட்டைப் பிரித்தேன். நெரவிப் பெண்ணுக்கு டிக். கீழே என் மாணவியின் பெயர்.

உருண்டையான, அழுத்தமான கையெழுத்து. கட்டுரை நோட்டில் வாரா வாரம் பார்க்கிற அதே எழுத்து. அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்றுகூட எழுதியிருந்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. இதைப் படித்தால் கோடு விழும். கோடு விழுந்தால் ஏழில் ஒன்று மாறியது தெரியும். ஏஜெண்ட் சீட்டைப் புரட்டிப் பார்ப்பான், விதியே இருக்கிறது. ஊர் முடிவை மீறியவளின் பெயர் சாயங்காலத்துக்குள் பஞ்சாயத்துக்குப் போகும். தோற்றாலும் ஜெயித்தாலும், எதிர்த்தது தலைவர் மகனை. வீட்டுப் பட்டியல் அந்தத் தலைவர் கையில். விதவைத் தாயும் மகளும் அந்தத் தகரத்தடியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஊர் அவர்களைத் தள்ளி வைத்துவிட்டால்? மீன் எடுக்க விடாமல் செய்துவிட்டால்? பேப்பரில் வந்து, இந்தத் தேர்தலை நடத்திய டீச்சர் யார் என்று மேலே கேட்டால்?

"டீச்சர், பேரு?" என்றார் பிசிக்ஸ் சார், பலகையைப் பார்த்தபடியே.

என் இடது கையில் கைக்குட்டை இருந்தது. எனக்கு எப்போதும் வியர்க்கும். சீட்டு கைக்குட்டைக்குள் போய்விட்டது. நானே போட்டேன் என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் அப்போது அது தானாகப் போனது மாதிரிதான் இருந்தது. வலது கை அடுத்த சீட்டைப் பிரித்துவிட்டது. வாய் அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டது. சார் கோடு போட்டார்.

கடைசியில் பையனுக்கு இருபத்தொன்று, நெரவிப் பெண்ணுக்கு இருபது.

"நாப்பத்தொண்ணுதான வருது? ஒண்ணு குறையுதே" என்றார் சார்.

"யாராவது… போடாமலே மடிச்சு எடுத்துட்டுப் போயிருப்பாங்க சார்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இருக்கும் இருக்கும். அதான் ஜெயிச்சாச்சே."

வராந்தாவில் ஒரே ஆரவாரம். பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். ஏஜெண்ட் மட்டும் சீட்டுக்கட்டைக் கேட்டு வாங்கி நிதானமாகப் புரட்டினான். ஆறு பெயர். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினான். "ஒண்ணக் காணுமே" என்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். உதடு அசைய, பலகையில் நெரவிப் பெண்ணுக்கு விழுந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள். எனக்கு நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. கைக்குட்டையால் துடைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பைபிளுக்குள் வைத்தேன். கிழித்துப் போடவும் பயம். சில நாட்கள் வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டதாகவே நினைத்தேன். யாரும் வரவில்லை. மெல்ல மெல்ல, ஒரு பிள்ளையின் வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அவள் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் அம்மா மீன் கூடையோடு வந்தார். சங்கரா இருந்தது. எடை போடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"பொண்ணு வரலியே, காய்ச்சலா?"

"காய்ச்சலும் இல்ல, கருமாந்தரமும் இல்ல டீச்சர். ஊர்ல தலகாட்ட முடியல அதுக்கு."

"ஏன்?"

"ஊர்க் கூட்டத்துல எல்லாரும் நம்ம புள்ளைக்கே போடுங்கன்னு பேசுனாங்க. இது எந்திரிச்சு, 'நான் நெரவி அக்காவுக்குத்தான் போடுவேன், பேரெழுதியே போடுவேன்'ன்னுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. தலைவரு, 'சொல்லிட்டுச் செய்யிறவள நான் என்னா சொல்றது, போடு புள்ள'ன்னுட்டாரு. இப்பப் பாத்தா இது சீட்டே இல்லியாம்! அங்க வாய் கிழியப் பேசிட்டு, இங்க வந்து பயந்துகிட்டுப் போடாம வந்துட்டாளாம். 'வெத்துச்சீட்டு, வெத்துச்சீட்டு'ன்னு, தண்ணி புடிக்கப் போனாக்கூட சிரிக்கிறானுவோ."

நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போட்டேம்மா, போட்டேம்மான்னு அழுவுது. நானே நம்பல டீச்சர். சொன்ன சொல்லு மாறிட்டு எங்கிட்டயும் பொய் சொல்றியான்னு முந்தாநேத்து ஒரு அற அறஞ்சிட்டேன்."

"வீடு?" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது. "பட்டியல்ல உங்க பேரு…"

"அது மொத பட்டியல்லயே எழுதியாச்சே. அதுக்கும் இதுக்கும் என்னா?"

மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அன்றைக்கு மீன் சமைக்கவில்லை, பூனைக்குப் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரில் சொல்வார்கள். நான் பேயைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அதற்கு ஒரு பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே சொன்னால் வெளியே போகாது என்ற தைரியம்தான். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடுத்தத யாருகிட்டம்மா குடுக்கணும்? எங்கிட்டயா?" என்றார். அவ்வளவுதான். மந்திரம்கூடச் சொல்லச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்தேன். மீன் ஏலக் கூடத்து நிழலில் பஞ்சாயத்தார் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டார். "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க." நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயமாக இருந்தது. அவளையும் அவள் அம்மாவையும் கூப்பிடச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஜெயித்த பையனும் ஏஜெண்டும் முன்னாலேயே நின்றார்கள்.

பையிலிருந்து சீட்டை எடுத்தேன். "இந்தப் புள்ள ஓட்டுப் போட்டுச்சு. பேரெழுதித்தான் போட்டுச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்" என்றேன். சொல்ல நினைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

தலைவர்தான் கேட்டார்: "யாருக்குப் பயந்துகிட்டு எடுத்தீங்க?"

"உங்களுக்குத்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வீடு குடுக்க மாட்டோம்னா?"

தலையாட்டினேன்.

"நாங்க யாருக்கும் அப்படிச் செஞ்சதே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன் டீச்சரம்மா. பண்ணுனா பொய்யாப் போவும். ஆனா முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போனவளுக்குச் செஞ்சதில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வாங்கிப் பாரு புள்ள, ஒன்னுதுதானா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். ஏஜெண்ட் பையன் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினாள். அவன் படித்துவிட்டுக் குனிந்துகொண்டான். அவள் அம்மா, தான் அறைந்த கன்னத்தைத் தடவ வந்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தடவ விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

பஸ் நிற்கிற இடம்வரை அவள் கூடவே வந்தாள். பஸ் தெரிந்ததும் சீட்டை என் கையில் வைத்தாள்.

"இத நீங்க வச்சுக்குங்க டீச்சர். ஆபீஸ்ல காட்டணும்ல."

"ஆபீஸ்லயா?"

"எம்பேருக்கா இவ்வளவும்? நான் போட்ட ஓட்ட எண்ணணும்ல?"

எனக்குத் திக்கென்றது. அவள் வீடு, அவள் அம்மா, அவள் பெயர், என் வேலை என்று இத்தனை நாள் எல்லாவற்றையும் நினைத்து நடுங்கியிருக்கிறேன். அது ஒரு ஓட்டு, அதை எண்ண வேண்டும் என்பது மட்டும் ஒரு தடவைகூட மனசில் வரவில்லை. எண்ணியிருந்தால் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. நெரவிப் பெண் தோற்றிருக்கவே மாட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கீழே நின்று, "நாளைக்கே சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பகுதி முழுக்க ஒப்பந்த ஆசிரியை நான் ஒருத்திதான் என்பது போலவும், பட்டியல் எழுதுகிறவர் பேனாவோடு எனக்காகவே காத்திருப்பது போலவும் ஒரே கிலி. பிசிக்ஸ் சாரிடம் சொன்னேன். "பைத்தியமா உங்களுக்கு? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதீங்க. கிழிச்சுப் போட்டுட்டு வேலயப் பாருங்க" என்றார். அவள் பள்ளிக்கு வர ஆரம்பித்திருந்தாள். முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பீரியடும் என் முகத்தை மட்டும் பார்த்தாள். மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, சீட்டைக் குண்டூசியால் குத்தி, அலுவலகத்தில் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இத நீங்க எழுதாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

இரண்டு பேரையும் வரவழைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். அலுவலகப் பியூன் எடுத்தார். பையன் பெயர்தான் வந்தது. நெரவிப் பெண் அவனிடம், "கதவ மட்டும் மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜூன் மாதப் பட்டியலில் என் பெயர் இல்லை. பள்ளி திறந்த அன்று, பீரோ சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேட்டருகே அவள் நின்றாள், பன்னிரண்டாம் வகுப்பு. வேலை போனதைச் சொன்னேன். "அடப் பாவமே" என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். எனக்கு அது போதவில்லை. இன்னும் ஏதோ ஆறுதல் வேண்டியிருந்தது.

"இவ்வளவு பண்ணியும் கடசியில அதே முடிவுதான வந்துச்சு" என்றேன்.

"அது எப்படி டீச்சர் ஒண்ணாவும்? மொத தடவ அக்கா தோக்கல. நீங்க திருடிட்டீங்க. ரெண்டாந்தடவதான் தோத்தாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உனக்காகத்தானே செய்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. மணி அடித்தது. "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள். நான் சாவியைக் கொடுக்க உள்ளே போனேன். அவளுக்காகச் செய்யவில்லை, எனக்குப் பயமாக இருந்தது, அதனால் செய்தேன்.